சொந்தக் கூரை இல்லாத அணி

கல்லூரிக் களங்களின் கதை – 12

1954 டிசம்பரின் கடைசி நாட்கள். ஓக்லஹோமா சிட்டியில் ஆண்டுதோறும் நடக்கும் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிக்காக சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்து அணி வந்து இறங்கியது. எல்லோரும் இருபதை ஒட்டிய வயதுப் பையன்கள். தங்குவதற்கு இடம் தேடியபோது நகரத்து ஹோட்டல்களிலிருந்து பதில் வந்தது: வெள்ளை மாணவர்கள் தங்கலாம், கருப்பின மாணவர்களுக்கு இடமில்லை.

அந்தக் காலத்தில் இப்படி நடப்பது வழக்கம்தான். இதற்கு வழக்கமான ஒரு ஏற்பாடும் இருந்தது. கருப்பின வீரர்களை ஊரின் மறுகோடியில், அவர்கள் இனத்தார் வாழும் பகுதியில் யார் வீட்டிலாவது தங்கவைத்துவிட்டு மற்றவர்கள் ஹோட்டலுக்குப் போய்விடுவார்கள். மாலையில் ஒன்றாக ஆடியவர்கள் இரவில் பிரிந்து படுப்பார்கள். சான் பிரான்சிஸ்கோ பையன்கள் அந்த ஏற்பாட்டுக்கு ஒப்பவில்லை. விடுமுறைக்கு மாணவர்கள் ஊருக்குப் போய்விட்டதால் ஒரு கல்லூரி விடுதி காலியாகக் கிடந்தது. வெள்ளையர், கருப்பர் அத்தனை பேரும் அந்த ஆளில்லாத விடுதிக்குப் போய் ஒன்றாகத் தங்கினார்கள்.

பயிற்சிக்காகக் களத்தில் இறங்கியபோது இன்னொன்றும் நடந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் சிலர், வித்தை காட்டுகிறவர்களுக்கு எறிவதுபோல், கருப்பின வீரர்களை நோக்கிச் சில்லறைக் காசுகளை வீசினார்கள். அணியின் உயரமான இளைஞர் குனிந்து காசுகளைப் பொறுக்கினார். கொண்டுபோய்ப் பயிற்சியாளர் கையில் கொடுத்து, பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார். பிறகு வந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். அந்தப் போட்டியில் எதிர்த்த மூன்று அணிகளையும் வென்று கோப்பையோடு ஊர் திரும்பினார்கள். அவர்கள் தோற்கடித்த மூன்று அணிகளில் உள்ளூர்க் கல்லூரியின் அணியும் ஒன்று.

காசு பொறுக்கிய அந்த இளைஞரின் பெயர் பில் ரஸல்.

நியூயார்க் சிட்டி கல்லூரியின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். 1950-ல் ஒரே ஆண்டில் இரண்டு தேசியக் கோப்பைகளையும் வென்ற அணி, சூதாட்டக்காரர்களிடம் பணம் வாங்கிப் புள்ளி வித்தியாசத்தைக் குறைத்து ஆடியது அடுத்த ஆண்டே அம்பலமானது. கல்லூரிக் கூடைப்பந்தின் மேல் ரசிகர்கள் வைத்திருந்த நம்பிக்கை உடைந்து கிடந்த காலம் அது. அந்த உடைசலுக்கு நடுவே, நாட்டின் மேற்குக் கரையிலிருந்து, பெரிய பெயர் எதுவும் இல்லாத ஒரு சிறிய கத்தோலிக்கக் கல்லூரி எழுந்து வந்தது. 1954–55 பருவத்தில் அது ஆடிய 29 ஆட்டங்கள்தான் இந்த அத்தியாயம்.

பயிற்சிக்கு இரவல் கூடம்

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் இயேசு சபைக் குருக்கள் 1855-ல் தொடங்கியது. நாம் பேசும் பருவம் அதன் நூற்றாண்டு வேளை. நூறு வயதான கல்விச்சாலைக்குச் சொந்தமாக ஒரு கூடைப்பந்து அரங்கம் கிடையாது. பக்கத்திலிருந்த செயின்ட் இக்னேஷியஸ் உயர்நிலைப் பள்ளியின் ஜிம்மில் பயிற்சி செய்வார்கள். உள்ளூர் ஆட்டங்களை கோல்டன் கேட் பூங்காவை ஒட்டிய கெசார் அரங்கத்தில் ஆடுவார்கள். கூட்டம் அதிகம் வரும் என்றால் நகர எல்லையிலுள்ள 'கௌ பேலஸ்' அரங்கத்துக்குப் போவார்கள். கால்நடைக் கண்காட்சிக்காகக் கட்டிய இடம் அது. பெயரே 'பசு அரண்மனை' என்றுதான். பத்திரிகைகள் இந்த அணியை வீடற்றவர்கள் என்றே எழுதின.

ஆனால் கல்லூரிக்கு ஒரு மரபு இருந்தது. 1951-ல் அதன் அமெரிக்கக் கால்பந்து அணி ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. ஆண்டு முடிவில் தெற்கு மாநிலங்களில் நடக்கும் பெரிய ஆட்டங்களுக்கு அழைப்பு வரவேண்டும். அணியில் ஆலி மாட்சன், பர்ல் டோலர் என்ற இரண்டு கருப்பின வீரர்கள் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு வந்தால் இடமுண்டு என்பது நிபந்தனை. மாட்டோம் என்று அணி மொத்தமும் சொல்லிவிட்டது. அழைப்பு போனது, அதோடு வரவிருந்த பணமும் போனது. கடன் சுமை தாங்காமல் கல்லூரி அந்த அணியையே கலைத்துவிட்டது. மூன்று ஆண்டு கழித்து ஓக்லஹோமா சிட்டியில் கூடைப்பந்துப் பையன்கள் காலி விடுதிக்கு ஒன்றாக நடந்துபோன பாதையை, இந்தக் கால்பந்துப் பையன்கள் முன்பே போட்டு வைத்திருந்தார்கள்.

கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர் ஃபில் வூல்பர்ட். அவருக்கு முன்பு அந்தப் பொறுப்பில் இருந்த பீட் நியூவெல் அவருடைய கல்லூரிக் காலத் தோழர். 1949-ல் இதே கல்லூரிக்கு ஒரு தேசியக் கோப்பையை வாங்கித் தந்தவர். இருவருக்கும் ஒரே நம்பிக்கை. பந்தை வளையத்தில் போடுகிற கை சில நாள் வாய்க்கும், சில நாள் வாய்க்காது. தடுக்கிற காலும் மனமும் தினமும் நம் வசத்தில் இருப்பவை. ஆகவே அணியைத் தடுப்பின் மேல்தான் கட்ட வேண்டும்.

இந்த நம்பிக்கையின் கனத்தை உணர அக்கால ஆட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1954-ன் இலையுதிர்காலத்தில் அமெரிக்கத் தொழில்முறை லீக் ஒரு புது விதியைக் கொண்டுவந்தது: பந்து கைக்கு வந்த 24 வினாடிகளுக்குள் வளையத்தை நோக்கி எறிந்துவிட வேண்டும். கல்லூரி ஆட்டத்தில் அப்படிக் கெடு எதுவும் இல்லை. முன்னணியில் இருக்கும் அணி நிமிடக்கணக்கில் பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருக்கலாம். அதனால் சில ஆட்டங்கள் நாற்பது, ஐம்பது புள்ளிகளிலேயே முடிந்தன. ஒவ்வொரு கூடையும் விலை உயர்ந்தது. ஒரு கூடையைத் தடுப்பது ஒரு கூடை போடுவதற்குச் சமம்.

பதினாறாவது பையன்

பில் ரஸல் 1934-ல் லூசியானா மாநிலத்தின் மன்றோ நகரில் பிறந்தவர். தெற்கின் நிறவெறியிலிருந்து தப்பிக்க அவர் பெற்றோர் குடும்பத்தோடு கலிஃபோர்னியாவின் ஓக்லண்டுக்கு இடம்பெயர்ந்தார்கள். பன்னிரண்டு வயதில் தாயை இழந்தார். மக்ளிமண்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியாளர் ஜார்ஜ் பௌல்ஸ் அவரை இளையோர் அணியில் சேர்த்துக்கொண்டபோது, அணியில் சீருடைகள் பதினைந்து, பையன்கள் பதினாறு. பதினாறாவது பையன் ரஸல். ஒரே சீருடையை இன்னொரு பையனோடு பங்குபோட்டுக்கொண்டார். ஒரு ஆட்டத்துக்கு அவன், மறு ஆட்டத்துக்கு இவர். சீருடை இல்லாத நாளில் பார்வையாளர்களோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பள்ளியின் கடைசி நாட்களில், எதிரணியில் ஆடிய வேறொரு பையனைப் பார்க்க சான் பிரான்சிஸ்கோ கல்லூரியின் பழைய மாணவர் ஹால் டிஜூலியோ வந்தார். 1949-ல் கோப்பை வென்ற அணியில் ஆடியவர் அவர். பார்க்க வந்த பையனை விட்டுவிட்டு, ஒல்லியாக உயர்ந்து நின்ற ரஸலைக் கவனித்தார். ரஸலுக்குப் பந்தைப் போடும் திறமை பெரிதாக இல்லை. எறியும் முறையும் சரியில்லை. ஆனால் ஆட்டத்தின் முக்கியமான தருணங்கள் எல்லாவற்றிலும் பந்துக்குப் பக்கத்தில் அந்தப் பையன் இருந்தான். டிஜூலியோ கல்லூரியில் போய்ச் சொன்னார். உதவித்தொகையோடு ரஸலுக்கு இடம் கொடுக்க முன்வந்த ஒரே கல்லூரி அதுதான். செய்தி வந்து சேரும்வரை அவர் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லூரியில் துணைப் பயிற்சியாளர் ராஸ் ஜூடிசே அவரோடு மணிக்கணக்கில் நின்று அடிப்படைகளைக் கற்றுக்கொடுத்தார். உயரம் 6 அடி 9 அங்குலத்தைத் தொட்டது. உயரத்தைவிட அவர் எம்புகிற வேகம்தான் எல்லோரையும் திகைக்க வைத்தது. தடகளத்தில் உயரம் தாண்டுதலிலும் பெயர் வாங்கியவர். 1953 டிசம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு எதிரான தன் முதல் பெரிய ஆட்டத்தில் எதிரணி எறிந்த 13 பந்துகளைக் காற்றிலேயே மறித்தார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் காலத்துப் பயிற்சியாளர்கள் ஒரு பாடத்தை வேதமாகச் சொல்லிக் கொடுத்தார்கள்: தடுக்கிறவன் கால் தரையை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் ஏமாந்துபோவான். வூல்பர்ட்டும் அதே பள்ளியில் படித்தவர். அந்த முதல் ஆட்டத்தின் இடைவேளையிலேயே, இப்படித் தடுக்கக் கூடாது என்று ரஸலிடம் சொல்லி, வழக்கமான முறையைக் காட்டிக் கொடுத்தார். ரஸல் அப்படியே ஆடிப் பார்த்தார். எதிரணி சுலபமாகக் கூடைகளைப் போட்டது. பழையபடி எம்ப ஆரம்பித்தார். இந்தச் சம்பவத்தை ரஸல் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வூல்பர்ட்டின் பெருமை இதற்குப் பிறகு தெரிந்தது. தான் கற்ற பாடம் தன் கண் முன்னாலேயே பொய்யாவதைக் கண்டு, அவர் பாடத்தை மாற்றிக்கொண்டார். அந்தப் பையனின் எம்பலைச் சுற்றியே அணியின் தடுப்பை அமைத்தார்.

அறைத் தோழர்கள் போட்ட கணக்கு

விடுதியில் ரஸலின் அறைத் தோழர் கே.சி. ஜோன்ஸ். 1932-ல் டெக்சாஸின் டெய்லர் என்ற ஊரில் பிறந்து, சிறுவனாக சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்து வளர்ந்தவர். உயரம் 6 அடி 1 அங்குலம். பேச்சு மிகக் குறைவு. முதல் மாதம் முழுக்கத் தன்னோடு அவர் பேசியதே இல்லை என்று ரஸல் சொல்லியிருக்கிறார். பேச ஆரம்பித்த பிறகு இருவரும் நிறுத்தவில்லை. பேச்செல்லாம் ஆட்டத்தின் வடிவக் கணக்கைப் பற்றி. எதிராளி எந்தக் கோணத்தில் வந்தால் எந்தப் பக்கம் நகர்த்தலாம், எந்த இடத்தில் நின்றால் இரண்டு வழிகளையும் ஒரே நேரத்தில் அடைக்கலாம், பந்து பலகையில் பட்டு எங்கே விழும் என்று கோடுகளும் கோணங்களுமாக யோசித்தார்கள்.

அந்தப் பேச்சு களத்தில் இப்படி உருவெடுத்தது. ஜோன்ஸ் முன்னால் நின்று, பந்தைத் தட்டிக்கொண்டு வருபவரை மூச்சுவிடாமல் நெருக்குவார். அவர் திமிறிக்கொண்டு ஒரு பக்கம் ஓடுவார். தானாகக் கண்டுபிடித்த வழி என்று நினைத்து ஓடுவார். அது ஜோன்ஸ் திறந்துவிட்ட வழி. அந்த வழியின் முடிவில், வளையத்தின் கீழே, ரஸல் காத்திருப்பார்.

பந்தை மறிப்பதிலும் ரஸலுக்கு ஒரு தனி நேர்த்தி. ஓங்கி அறைந்து பார்வையாளர் நடுவே பந்தைப் பறக்கவிட்டால் கைத்தட்டல் கிடைக்கும்; பந்து மறுபடி எதிரணிக்கே போய்விடும். ரஸல் விரல் நுனியால் மெல்லத் தட்டிப் பந்தைத் தன் அணியின் கைக்கே அனுப்பப் பார்ப்பார். தடுத்த அடுத்த நொடியே தாக்குதல் தொடங்கிவிடும்.

ஆனால் 1953–54 பருவத்தில் இது எதுவும் கைகூடவில்லை. முதல் ஆட்டம் முடிந்ததுமே ஜோன்ஸுக்குக் குடல்வால் அழற்சி. மீதிப் பருவம் முழுவதும் அவரால் ஆட முடியவில்லை. 14 வெற்றி, 7 தோல்வி. இப்படிப்பட்ட அணியிடம் அடுத்த ஆண்டு யாரும் அதிகம் எதிர்பார்க்கவில்லை.

ஒரே ஒரு தோல்வி

1954 டிசம்பரில் பருவம் தொடங்கியது. இரண்டு வெற்றிகளுக்குப் பிறகு மூன்றாவது ஆட்டம் லாஸ் ஏஞ்சலஸில், ஜான் வுடன் பயிற்றுவித்த யுசிஎல்ஏ அணியோடு. பின்னாளில் பத்து தேசியக் கோப்பைகளை வெல்லப்போகும் வுடன் அப்போது ஒரு கோப்பையும் வெல்லாதவர். 47–40 என்று சான் பிரான்சிஸ்கோ தோற்றது.

அந்தத் தோல்விக்குப் பிறகு வூல்பர்ட் ஒரு மாற்றம் செய்தார். ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரில் ஹால் பெர்ரியைச் சேர்த்தார். வேகமும் துணிச்சலும் உள்ள ஆட்டக்காரர். பந்தைக் கொண்டுசெல்லும் சுமையில் பாதியை ஜோன்ஸிடமிருந்து வாங்கிக்கொள்ளக் கூடியவர். ஆட்டத்தின் கணக்கில் பார்த்தால் எளிய முடிவு. ஆனால் பெர்ரியும் கருப்பினத்தவர். ரஸல், ஜோன்ஸ், பெர்ரி என்று ஐவரில் மூவர் கருப்பினத்தவராக ஆனார்கள்.

கருப்பின வீரர்களைச் சேர்த்துக்கொண்ட கல்லூரிகளில்கூட அன்று எழுதப்படாத ஓர் அளவு இருந்தது. ஒருவர் இருக்கலாம், மிஞ்சினால் இருவர். களத்தில் வெள்ளையர்தான் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். பள்ளிகளில் நிறப் பிரிவினை சட்டத்துக்குப் புறம்பானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று தீர்ப்பளித்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ரோசா பார்க்ஸ் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுப்பதற்கு இன்னும் ஓராண்டு இருந்தது. வூல்பர்ட்டுக்கு வசைக் கடிதங்கள் வந்தன. அவர் மேடை ஏறி முழங்கவில்லை. தன்னைச் சீர்திருத்தவாதி என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. அடுத்த ஆட்டத்துக்கும் அதே ஐவரை அனுப்பினார். அதற்கடுத்த ஆட்டத்துக்கும் அவர்களையே அனுப்பினார்.

மற்ற இருவரையும் மறந்துவிடக் கூடாது. ஜெர்ரி மல்லன் அணித்தலைவர், ஸ்டான் புக்கானன் அமைதியான தடுப்பாளர். இருவரும் வெள்ளையர். ஓக்லஹோமா சிட்டியில் ஹோட்டல் அறை கிடைத்தும் வேண்டாம் என்று விடுதிக்கு நடந்தவர்கள் இவர்களும் மாற்று ஆட்டக்காரர்களும்தான். அவமானப்படுத்தப்பட்டவரின் துணிவு பெரிது. தனக்குக் கதவு திறந்திருக்கும்போது, தோழனுக்கு மூடியிருக்கிறது என்பதற்காக வெளியே நின்றவரின் துணிவையும் வரலாறு சேர்த்து எழுத வேண்டும்.

யுசிஎல்ஏ-வோடு ஒரு வாரத்திலேயே மறு ஆட்டம் வந்தது. இம்முறை சான் பிரான்சிஸ்கோவில். 56–44. கணக்கு நேரானது. அதன் பிறகு அந்தப் பருவத்தில் அவர்கள் தோற்கவே இல்லை.

ஓக்லஹோமா கோப்பைக்குப் பிறகு பத்திரிகைகள் திரும்பிப் பார்த்தன. ஜனவரி, பிப்ரவரியில் வெற்றிகள் சேரச் சேர, கௌ பேலஸில் கூட்டம் பெருகியது. அப்போது அந்த நகரத்தில் தொழில்முறைக் கூடைப்பந்து அணி கிடையாது. பெரிய லீக் பேஸ்பால் அணியும் 1958-ல்தான் வந்தது. இந்தக் கல்லூரிப் பையன்களே ஊரின் அணி ஆனார்கள். ரஸல் ஆட்டத்துக்குச் சராசரியாக 21 புள்ளிகளும், எறிந்து தவறிய பந்தைக் கைப்பற்றும் 'ரீபவுண்டுகள்' 20-உம் எடுத்தார். எதிரணிகள் அவர்களுக்கு எதிராக எடுத்த சராசரி 52 புள்ளி. நாட்டில் அதைவிடக் குறைவாக விட்டுக்கொடுத்த அணி இல்லை.

பருவத்தின் முடிவில் அவர்கள் வட்டாரத்தின் சிறந்த வீரர் விருது சாண்டா கிளாரா கல்லூரியின் கென் சியர்ஸ் என்ற வெள்ளை வீரருக்குப் போனது. சியர்ஸ் நல்ல ஆட்டக்காரர். ஆனால் அந்த ஆண்டு ரஸலை மிஞ்சியவர் யாரும் இல்லை என்பது ஆடியவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் தெரியும். ரஸலுக்குள் அது ஆழமாகத் தைத்தது. தனி விருது என்பது பிறர் போடும் ஓட்டு, வெற்றி மட்டும்தான் யாரும் மாற்ற முடியாத கணக்கு என்ற முடிவுக்கு அப்போதுதான் வந்ததாகப் பின்னாளில் சொன்னார். வாழ்நாள் முழுக்க அவர் அந்த முடிவிலிருந்து விலகவில்லை.

ஒரு புள்ளி

மார்ச் மாதம் தேசியப் போட்டி. முதல் சுற்று கௌ பேலஸில். வெஸ்ட் டெக்சாஸ் ஸ்டேட் அணியை 89–66 என்று வென்றார்கள். அடுத்த இரண்டு ஆட்டங்களும் ஓரிகன் மாநிலத்தின் கார்வாலிஸில். யூட்டா அணியை 78–59 என்று கடந்தார்கள். அடுத்து நின்றது ஓரிகன் ஸ்டேட். கார்வாலிஸ் அவர்களுடைய சொந்த ஊர், அரங்கம் அவர்களுடைய சொந்த அரங்கம், கூட்டமும் அவர்களுடையது. நடுவில் ஸ்வீட் ஹால்ப்ரூக் என்ற 7 அடி 3 அங்குல உயர வீரர். ரஸல் அண்ணாந்து பார்க்க வேண்டிய ஆள்.

இந்தப் பருவத்தின் உயிர் ஊசலாடிய ஆட்டம் இதுதான். கடைசி நொடிகளில் சான் பிரான்சிஸ்கோ ஒரே ஒரு புள்ளி முன்னால்: 57–56. பந்து ஓரிகன் கையில். எறிந்தார்கள். பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே தெறித்தது. அது உள்ளே விழுந்திருந்தால், நாம் இந்த அத்தியாயத்தில் வேறொரு அணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். உழைப்பும் திறமையும் ஒரு அணியை அந்த விளிம்பு வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கும்; விளிம்பில் பட்ட பந்து எந்தப் பக்கம் விழும் என்பது அதன் கையில் இல்லை. அந்த இரவு அவர்கள் பக்கம் விழுந்தது.

கான்சஸ் சிட்டி, மார்ச் 19

அரையிறுதியும் இறுதியும் கான்சஸ் சிட்டியின் முனிசிபல் அரங்கத்தில், அடுத்தடுத்த இரவுகளில். அரையிறுதியில் கொலராடோவை 62–50 என்று வென்றார்கள். இறுதியில் எதிரே நின்றது ஃபிலடெல்ஃபியாவின் லா சால் கல்லூரி. முந்தைய ஆண்டின் சாம்பியன். அதன் நாயகன் டாம் கோலா: 6 அடி 6 அங்குலம், உள்ளேயும் ஆடுவார், வெளியேயும் ஆடுவார். கல்லூரி வாழ்க்கையில் அவர் எடுத்த 2,201 ரீபவுண்டுகள் என்ற சாதனை இன்றுவரை முறியவில்லை. ரஸலா கோலாவா என்றுதான் நாடே பேசிக்கொண்டிருந்தது.

வூல்பர்ட் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கவில்லை. கோலாவைத் தடுக்க ரஸலை அனுப்பவில்லை, கே.சி. ஜோன்ஸை அனுப்பினார். கோலாவைவிட ஐந்து அங்குலம் குட்டையானவர். பார்த்தவர்களுக்குப் புதிராக இருந்தது. ஆனால் அறைத் தோழர்கள் போட்டுவைத்த கணக்கு இதைத்தான் சொன்னது. ரஸல் கோலாவின் பின்னால் போனால், கோலா அவரை வளையத்தை விட்டு வெளியே இழுத்துக்கொண்டு போவார். வளையம் காவல் இல்லாமல் கிடக்கும். ஜோன்ஸ் கோலாவை ஒட்டிக்கொண்டால், ரஸல் தன் இடத்திலேயே நின்று மற்ற நால்வரின் எறிதல்களையும் பார்த்துக்கொள்ளலாம்.

கோலா எங்கே நகர்ந்தாலும் ஜோன்ஸ் அங்கே இருந்தார். பந்து கைக்கு வந்தபோதும் நிமிர்ந்து எறிய இடம் கிடைக்கவில்லை. மாபெரும் ஆட்டக்காரர் 16 புள்ளிகளோடு நிறுத்தப்பட்டார். இன்னொரு அதிசயமும் நடந்தது. தடுப்பதற்காக அனுப்பப்பட்ட ஜோன்ஸே அன்று தன் அணியில் அதிகப் புள்ளி எடுத்தார்: 24. ரஸல் 23 புள்ளி, 25 ரீபவுண்ட். 77–63 என்று ஆட்டம் முடிந்தது. போட்டியின் சிறந்த வீரர் விருது ரஸலுக்கு. ஐந்து ஆட்டங்களில் அவர் 118 புள்ளிகள் எடுத்திருந்தார்.

28 வெற்றி, 1 தோல்வி. ஐவரில் மூவர் கருப்பினத்தவராகத் தொடங்கி தேசியக் கோப்பையை வென்ற முதல் கல்லூரி அணி. நூற்றாண்டு கொண்டாடிய கல்லூரிக்கு அதன் மாணவர்கள் கொண்டுவந்து கொடுத்த பரிசு.

தள்ளிப்போன கோடு

ஆட்டம் முடிந்ததும் விதிகளை வகுப்பவர்கள் கூடினார்கள். வளையத்தின் கீழே தரையில் வரைந்திருக்கும் கட்டத்தில், தாக்கும் அணியின் வீரர் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. அந்தக் கட்டத்தின் அகலம் 6 அடி. அதை அடுத்த பருவத்திலிருந்து 12 அடி ஆக்கினார்கள். ஜார்ஜ் மைக்கன் என்ற உயரமான வீரரின் ஆதிக்கத்தைக் குறைக்கத் தொழில்முறை லீக் 1951-ல் இதையே செய்திருந்தது. கல்லூரி ஆட்டத்தில் இந்த மாற்றத்துக்கு மக்கள் வைத்த பெயர் 'ரஸல் விதி'.

இந்த விதியை ஒரு வீரருக்குக் கிடைத்த மரியாதை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. ரஸல் வளையத்தின் கீழ் நின்று எடுத்த புள்ளிகளைக் குறைக்க அவர்களால் ஒரு கோட்டைத் தள்ளி வரைய முடிந்தது. அவர் தடுத்ததைத் தடுக்க விதி எதுவும் எழுத முடியவில்லை. கால் தரையை விட்டு எழும்பக் கூடாது என்று போதித்துவந்த பயிற்சியாளர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பாடத்தை மாற்றிக்கொண்டார்கள். இன்று உலகில் எந்தப் பள்ளிக்கூட மைதானத்திலும் ஒரு சிறுவன் எம்பிக் குதித்து எதிராளியின் பந்தை மறிக்கும்போது, அவன் அந்தப் பருவத்துக்குக் கடன்பட்டிருக்கிறான்.

கோடு 12 அடிக்குப் போன பிறகும் இந்த அணி நிற்கவில்லை. யுசிஎல்ஏ-விடம் தோற்றதற்கு அடுத்த ஆட்டத்திலிருந்து தொடங்கிய வெற்றி வரிசை அடுத்த பருவம் முழுவதும் நீண்டு, 1956 டிசம்பரில் 60-ஐத் தொட்டபிறகே முடிந்தது. அதற்குள் ரஸலும் ஜோன்ஸும் படிப்பை முடித்து, மெல்பர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றிருந்தார்கள். ரஸல் பாஸ்டன் செல்டிக்ஸ் என்ற தொழில்முறை அணியின் பக்கம் திரும்பியிருந்தார். அங்கே 13 பருவங்களில் 11 கோப்பைகளில் ரஸல் பங்குபெற்றதும், 1966-ல் என்பிஏ எனப்படும் அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் முதல் கருப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆனதும் பெரிய கதைகள். அவற்றுக்கு உரிய இடத்தில் வருவோம்.

வூல்பர்ட்டின் கதை அமைதியாகப் போனது. 1959-ல் அவர் அந்தக் கல்லூரியை விட்டு விலகினார். பிற்காலத்தில் வாஷிங்டன் மாநிலத்தின் செக்விம் என்ற சிற்றூரில் பள்ளிப் பேருந்து ஓட்டினார். 1987-ல் மறைந்தார், கூடைப்பந்து வரலாற்றின் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 1992-ல்தான். காலையில் அந்தப் பேருந்தில் ஏறிய பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும், ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் ஒரு காலத்தில் எந்த ஐவரைக் களத்துக்கு அனுப்பியவர் என்று?

இரண்டு கோப்பைகளுக்குப் பிறகு கல்லூரிக்குச் சொந்த அரங்கம் ஒன்று எழுந்தது. 1958-ல் திறந்தார்கள். அப்போது ரஸல் பாஸ்டனில், ஜோன்ஸும் அங்கேயே. மல்லன், பெர்ரி, புக்கானன் எல்லோரும் கல்லூரியை விட்டுப் போய்விட்டார்கள். அந்தப் பருவத்தில் பள்ளி ஜிம்மை இரவல் வாங்கிப் பயிற்சி செய்தவர்களில் ஒருவரும் மாணவராக அந்தத் தரையில் ஆடவில்லை. அவர்கள் ஒன்றாக வாழ்ந்த கூரை, ஓக்லஹோமா சிட்டியில் விடுமுறைக்கு ஆளில்லாமல் கிடந்த அந்த விடுதியின் கூரைதான்.

அடுத்த அத்தியாயம்: 1955 டிசம்பர். சாம்பியன் பட்டத்தோடு அதே அணி ரஸல் பிறந்த லூசியானாவுக்குள் நுழைகிறது. நியூ ஆர்லியன்ஸ் அரங்கத்தில் வெள்ளையரும் கருப்பரும் ஒரே தரையில் மோதிய இரவு.

(தொடரும்)